மழைக்கு முன்பே எட்டு நிமிடங்கள்: கடலோர மாவட்டத் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை ஆகிய நான்கு மாவட்டங்களில் அரசு மேல்நிலைப் பள்ளிகளை நடத்திவரும் உங்கள் அனைவருக்கும் பொதுவாக இம்மடலை எழுதுகிறேன். வேதாரண்யம் வட்டாரத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். இயக்குநரகத்துக்கோ முதன்மைக் கல்வி அலுவலருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்து பிள்ளைகள் வகுப்பில் வந்து அமர்ந்ததும், முதல் பாடவேளையின் முதல் சில நிமிடங்கள் எப்படிக் கழிய வேண்டும் என்பதை எந்தச் சுற்றறிக்கையும் முடிவு செய்வதில்லை. தலைமை ஆசிரியர்தான் முடிவு செய்கிறார். அந்த நிமிடங்களில் எட்டை உங்களிடம் கேட்கிறேன். ஜூன் மாதம் பள்ளி திறந்தது முதல் ஒவ்வொரு வேலைநாளும், பிள்ளைகள் தங்கள் மனத்தைக் கவனிக்கவும் அதை நிலைப்படுத்திக்கொள்ளவும் பழகுவதற்கு அந்த எட்டு நிமிடங்களை விட்டுக்கொடுங்கள். அதற்குப் பாடநூல் வேண்டாம், மதிப்பெண் வேண்டாம், பதிவேடு வேண்டாம், கல்வித் துறையின் எமிஸ் செயலியில் பதிவேற்றுவதற்கு நிழற்படமும் வேண்டாம்.

ஏன் ஜூன் மாதம் என்று நீங்கள் கேட்கலாம். பிளஸ் ஒன் வகுப்புக்கு ஆய்வகத்தின் முதல் நாளில், எந்தக் குப்பியையும் தொடவிடுவதற்கு முன்பாக, பிள்ளைகளைத் தண்ணீர்க் குழாயடிக்கு அழைத்துச் செல்வது என் வழக்கம். அமிலம் கையில் பட்டால் எங்கே ஓடிவர வேண்டும், எவ்வளவு நேரம் தண்ணீரில் கையைக் காட்ட வேண்டும் என்று ஒவ்வொருவரையும் செய்துபார்க்கச் சொல்வேன். சிந்திய பிறகு இதைக் கற்றுத்தர முடியாது என்பது வேதியியல் ஆசிரியர் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் எரிச்சலில் துடிக்கும் பிள்ளையின் காதில் அப்போது எதுவும் ஏறாது. நம் மாவட்டங்களில் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது, டிசம்பர் வரை வங்கக் கடலைப் பார்த்தபடியே நாம் வாழ்கிறோம், அதே டிசம்பரில் அரையாண்டுத் தேர்வும் வருகிறது. இவ்வளவு தெரிந்திருந்தும், பிள்ளைகளின் மனத்துக்கு வேண்டிய குழாயடியை நாம் முன்கூட்டிக் காட்டிவைப்பதில்லை.

நானும் காட்டிவைக்கவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது எங்கள் பிளஸ் டூ வகுப்பில் 41 பேர் இருந்தனர். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது அவர்கள் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன அந்த நாள் அவர்களுக்கு நினைவில்லை. ஆனால் கடல் இரையும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிடும் பெற்றோரிடம்தான் அவர்கள் வளர்ந்தார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2018 மார்ச்சில்தான் முதன்முதலாக நடந்தது. அதை எழுதியது இந்த அணிதான். பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன், பிளஸ் டூ என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பொதுத்தேர்வு எழுத வேண்டியிருந்த பிள்ளைகளின் மூன்றாம் ஆண்டில், பாதியில் அந்தப் புயல் வந்தது.

அந்த வாரங்களை உங்களில் பலர் நேரில் கண்டிருப்பீர்கள். மின்கம்பங்கள் சாய்ந்து ஊரே இருண்டு கிடந்தது. பள்ளிகள் நிவாரண முகாம்களாயின. நட்டுக் காய்ப்புக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் தென்னைகள் ஓர் இரவில் தோப்புத் தோப்பாக விழுந்தன. மா, முந்திரி, முல்லைத் தோட்டம் எதுவும் மிஞ்சவில்லை. ஒரு மாணவனின் தந்தை உப்பளத் தொழிலாளி, இன்னொரு மாணவியின் குடும்பத்துக்கு அறுபது தென்னை மட்டுமே சொத்து. வகுப்பு மீண்டும் தொடங்கிய நாளில், நனைந்து உப்பிய புத்தகங்களோடு வந்தவர்களும் புத்தகமே இல்லாமல் வந்தவர்களும் அதே பெஞ்சுகளில் அமர்ந்தனர்.

அன்று நான் ஒரு தவறு செய்தேன். பிள்ளைகளின் மனப்பாரத்தை இறக்கிவைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு, வரிசையாக எழுந்து நின்று, அவரவர் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லச் சொன்னேன். நான்காவது பெஞ்சில் இருந்த ஒரு மாணவி பாதி சொல்லும்போதே உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய பாட்டிமீது சுவர் விழுந்திருந்தது. அடுத்த மூன்று நாள்கள் அவள் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் அவளுடைய தாயார் வந்து, தணிந்த குரலில், "எல்லாரு முன்னாடியும் அத கேக்க வேண்டாம் டீச்சர், ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேங்குது" என்றார். பேசினால் பாரம் குறையும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். பேரிடர் நடந்த உடனே, ஒரே அமர்வில், விருப்பம் கேட்காமல் நடந்ததை விவரிக்க வைப்பது பலன் தருவதில்லை என்றும், சிலருக்கு அது தீங்காகவே முடிகிறது என்றும் ஆய்வுகள் அதற்கு முன்பே கண்டிருந்தன. உலக சுகாதார நிறுவனமும் அம்முறை வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது அந்தத் தாயார் வந்து போன பிறகுதான். அந்த மாணவியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் ஏற்றுக்கொண்டாள், ஆனால் அந்த ஆண்டு முழுவதும் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

அதன் பின்னர் எதையும் பெரிதாகச் செய்யத் துணிவு வரவில்லை. ஆகவே சிறிதாகத் தொடங்கினேன். முதல் பாடவேளை என்னுடையது. அதன் தொடக்கத்தில் எட்டு நிமிடங்களை ஒதுக்கினேன். அடுத்து வந்த ஆண்டுகளில் சேர்த்தும் நீக்கியும் கடைசியில் நின்றவை நான்கு பழக்கங்கள். அவற்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் செய்முறை சரியாக இல்லாவிட்டால் இவை வெறும் சடங்காகிவிடும்.

முதலாவது மூச்சு. நான்கு எண்ணும் வரை உள்ளே இழுப்பது, ஆறு எண்ணும் வரை வெளியே விடுவது. இப்படி நிமிடத்துக்கு ஆறு மூச்சு, மொத்தம் இரண்டு நிமிடம். மூச்சை வெளியே விடும்போது இதயத்துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறைகிறது. மூளையிலிருந்து இதயத்துக்கும் குடலுக்கும் செல்லும் வேகஸ் நரம்பு அதற்கு வழிசெய்கிறது. வெளிமூச்சை நீட்டும்போது உடலே 'இப்போது ஆபத்தில்லை' என்று மனத்துக்குச் சொல்லத் தொடங்குகிறது. இதைப் பிள்ளைகளிடம் விளக்கிச் சொன்னேன். காரணம் தெரிந்தால்தான் மேல்நிலை மாணவர்கள் ஒன்றைச் செய்வார்கள். சொல்லாமல் விடக் கூடாத எச்சரிக்கை ஒன்று உண்டு. கண்ணை மூடச் சொல்லாதீர்கள். புயல் இரவில் இருட்டில் கூரை பறந்ததைக் கேட்ட பிள்ளைக்குக் கண்ணை மூடினால் அந்தச் சத்தம்தான் திரும்ப வரும். கரும்பலகையையோ சன்னலுக்கு வெளியே உள்ள மரத்தையோ பார்த்துக்கொண்டு செய்யலாம். செய்ய விருப்பமில்லாதவர் சும்மா அமர்ந்திருக்கலாம், யாரும் கேட்கக் கூடாது.

இரண்டாவது, உணர்வுக்குப் பெயர் வைப்பது. என்ன செய்கிறது என்று கேட்டால் நம் பிள்ளைகள் சொல்லும் பதில் பெரும்பாலும் "ஒரு மாதிரியா இருக்கு" என்பதுதான். அந்த 'ஒரு மாதிரி'க்குள் பத்து வகை உணர்வுகள் ஒளிந்திருக்கின்றன. கரும்பலகையின் ஓரத்தில் ஒரு சொல் வரிசையை எழுதி, ஆண்டு முழுவதும் அழிக்காமல் வைத்தேன்: படபடப்பு, எரிச்சல், ஏக்கம், கூச்சம், பொறாமை, குற்றவுணர்வு, சலிப்பு, ஆற்றாமை, தனிமை, நிம்மதி. அன்றைய நிலைக்குப் பொருந்தும் ஒரு சொல்லை ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத வேண்டும். யாரிடமும் காட்டத் தேவையில்லை. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் மேத்யூ லீபர்மனின் குழுவினர் 2007இல் வெளியிட்ட மூளைப் படிம ஆய்வில், அச்சமும் சினமும் காட்டும் முகங்களைப் பார்ப்பவர்கள் அந்த உணர்வைச் சொல்லால் குறிக்கும்போது, மூளையில் அபாய மணி அடிக்கும் பகுதியான அமிக்டலாவின் செயல்பாடு குறைவதைக் கண்டார்கள். ஆய்வகத்தில் கண்டது வகுப்பறையிலும் அப்படியே நிகழும் என்று நான் வாதிடவில்லை. ஆனால் ஒரு மாணவன் பதினைந்து நாள்கள் 'கோபம்' என்று எழுதிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு நாள் அதை அடித்து 'கூச்சம்' என்று எழுதி, தானாகவே என்னிடம் காட்டினான். நிவாரணத்தில் வந்த, யாரோ போட்டுப் பழசாக்கிய சட்டையோடு அவன் வந்துகொண்டிருந்தான். கோபம் என்று மட்டும் தெரிந்திருந்தால் அவனுக்கு அறிவுரை சொல்லியிருப்பேன். கூச்சம் என்று தெரிந்ததால் அன்று மாலையே அவனுக்கு ஒரு சீருடை கிடைக்க வழிசெய்ய முடிந்தது.

மூன்றாவது பழக்கத்துக்கு ஒரு கோடு போதும். பக்கத்தின் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் 'என் கையில் இருப்பது', வலப்பக்கம் 'என் கையில் இல்லாதது' என்று தலைப்பிட்டு, மனத்தை அரிக்கும் விஷயங்களைப் பிரித்து எழுதுவது. மின்சாரம் எப்போது வரும் என்பது வலப்பக்கம். நனைந்த செய்முறைப் பதிவேட்டை வெயிலில் விரித்துக் காயவைப்பது இடப்பக்கம். தேர்வு தள்ளிப்போகுமா என்பது வலப்பக்கம். இன்று பொழுது சாய்வதற்குள் ஒரு பாடத்தின் இரண்டு பக்கங்களைப் படிப்பது இடப்பக்கம். இடப்பக்கத்தில் ஒன்றையாவது அன்றைக்குள் செய்துவிட வேண்டும் என்பது மட்டுமே விதி. செயலற்று உட்கார்ந்திருப்பதில்தான் ஆற்றாமை வளர்கிறது. கையளவு வேலையானாலும் அது முடியும்போது பிள்ளையின் முதுகு நிமிர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

இதிலும் ஆசிரியர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. நன்றாகப் படிக்கும் ஒரு மாணவி, 'அப்பா குடிப்பதை நிறுத்துவது' என்று இடப்பக்கத்தில், தன் கையில் இருப்பதாக, எழுதியிருந்தாள். தவிப்பவர்களைவிட, எல்லாவற்றையும் தன் பொறுப்பாகச் சுமக்கும் பிள்ளைகள்தான் பல வேளைகளில் அதிகம் உடைகிறார்கள், ஏனென்றால் அவர்கள் வெளிப்பார்வைக்கு மிகவும் உறுதியானவர்களாகத் தெரிவார்கள். "இது உன் கையில் இருக்கிறதா அம்மா?" என்று மட்டும் கேட்டேன். அவள் நீண்ட நேரம் பேசவில்லை. ஒரு வாரம் கழித்து அந்த வரியை வலப்பக்கத்துக்கு மாற்றி எழுதியிருந்தாள். இடப்பக்கத்தில் 'அத்தை வீட்டில் உட்கார்ந்து படிப்பது' என்று இருந்தது.

நான்காவது பழக்கம், பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு கேள்வி. "நேற்று எப்படிப் போனது?" என்று கேட்டு, ஒரு நிமிடம் குறுக்கிடாமல் கேட்பது, பிறகு மாற்றிக்கொள்வது. அறிவுரை சொல்லக் கூடாது. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடிப்பழக்கம் எனப் பல இடர்களிடையே வளர்ந்த குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் திறனும் அன்பும் தன்னம்பிக்கையும் உள்ளவராக வளர்ந்திருந்தார். அப்படி வளர்ந்தவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றுள் முக்கியமானது, தங்கள்மீது மாறாத அக்கறை கொண்ட ஒருவராவது அவர்களுக்கு இருந்தார் என்பது. பாட்டியோ, பக்கத்து வீட்டாரோ, ஆசிரியரோ. மனவுறுதி என்பதைத் தனி ஆளின் இரும்பு நெஞ்சம் என்றே நம் மேடைப் பேச்சுகள் காட்டிவிட்டன. நான் பார்த்தவரையில் அது இன்னொருவரின் தோளில்தான் வளர்கிறது.

நான் கைவிட்ட ஒரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அன்றன்று நன்றி கூறத் தக்க மூன்று விஷயங்களை எழுதும் பழக்கத்தை உலகெங்கும் பரிந்துரைக்கிறார்கள், இயல்பான நாள்களில் அதனால் பயன் பெறுவோரும் உண்டு. ஆனால் வீட்டை இழந்து தார்ப்பாய்க்குக் கீழே உறங்கும் பிள்ளையிடம் நன்றி சொல்லப் பட்டியல் போடு என்று கேட்டபோது, அவள் துயரத்தை நானே மறுப்பதுபோல இருந்தது. ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டேன். இப்போதும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன், குறைந்தது வகுப்பு முழுவதற்கும் கட்டாயமாகப் பரிந்துரைக்க மாட்டேன்.

தேர்வுக் காலத்துக்கு மட்டும் ஒன்றைச் சேர்த்தேன். தேர்வுக்கு முன் பத்து நிமிடம், அந்தத் தேர்வைப் பற்றிய பயத்தை ஒரு தாளில் அப்படியே எழுதி, கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு உள்ளே செல்வது. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரார்டோ ராமிரெஸும் சியான் பைலாக்கும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வுப் பதற்றம் மிகுந்த மாணவர்களுக்கு இப்படிப் பயத்தை எழுதுவது உதவியதாகக் கண்டார்கள். என் பிள்ளைகளில் சிலருக்கு உதவியது, சிலர் பத்து நிமிடமும் சூத்திரங்களையே எழுதினார்கள், அதையும் தடுக்கவில்லை.

இனி, உங்களில் கூர்ந்து படிப்பவர்கள் கேட்கக்கூடிய கேள்விக்கு வருகிறேன். இவையெல்லாம் பள்ளிகளில் பலன் தருகின்றன என்பதற்கு உறுதியான சான்று இருக்கிறதா? பிரிட்டனில் 80க்கும் மேற்பட்ட பள்ளிகளில், 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொண்டு 'மிரியட்' என்ற பெரிய ஆய்வு நடந்தது. மூச்சையும் எண்ணத்தையும் அந்தந்தக் கணத்தில் கவனிக்கும் மனக்கவனப் பயிற்சியை வகுப்புப் பாடமாகக் கற்பித்தார்கள். 2022இல் வெளியான முடிவு பலருக்கு ஏமாற்றம் அளித்தது: வழக்கமான முறையில் படித்த மாணவர்களைவிடப் பயிற்சி பெற்றவர்களின் மனநலம் மேம்பட்டிருக்கவில்லை. ஏற்கெனவே மனநலச் சிக்கலின் விளிம்பில் இருந்த சிலருக்கு அது பொருந்தவில்லை என்ற ஐயமும் எழுந்தது. இந்த முடிவை மறைத்துவிட்டு உங்களிடம் எட்டு நிமிடம் கேட்பது நேர்மையாகாது.

ஆனால் அதே ஆய்வின் உள்விவரங்களைப் படித்தபோது எனக்கு இரண்டு விஷயங்கள் துலங்கின. பாடமாகக் கற்ற மாணவர்களில் பெரும்பாலோர் அதை வகுப்புக்கு வெளியே பழகவே இல்லை. வாரம் ஒருமுறை பாடமாகக் கேட்டுவிட்டுச் செல்வதற்கும் நாள்தோறும் செய்வதற்கும் உள்ள வேறுபாடு, நீச்சலைப் பற்றிப் படிப்பதற்கும் குளத்தில் இறங்குவதற்கும் உள்ள வேறுபாடு. இரண்டாவது, கற்பித்த ஆசிரியர்களுக்கு மன அயர்ச்சி குறைந்திருந்தது, குறைந்தது முதல் சில மாதங்களுக்கு. இதனால்தான் மாணவர்களுக்கு முன்பாக ஆசிரியர்கள் தொடங்க வேண்டும் என்று கேட்கிறேன். ஜூன் மாதம் முழுவதும் ஆசிரியர் அறையில், வருகைப்பதிவேட்டில் கையெழுத்திட்ட பின், நீங்களும் ஆசிரியர்களும் சேர்ந்து ஐந்து நிமிடம் செய்துபாருங்கள். தேர்ச்சி விழுக்காட்டுக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் குறைசொல்லப்பட்டுத் திரும்பிய ஆசிரியர், அந்தப் படபடப்போடு வகுப்பில் நின்று "அமைதியாக மூச்சு விடுங்கள்" என்று சொன்னால் பிள்ளைகள் அவருடைய சொல்லைக் கேட்பதில்லை, முகத்தைத்தான் படிக்கிறார்கள்.

ஒரு பழக்கம் தானாக நிகழும் நிலைக்கு வர எத்தனை நாள் ஆகும் என்பதை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் ஆராய்ந்தார்கள். 96 பேரைக் கவனித்ததில் சராசரி 66 நாள். விரைவாகப் பழகியவருக்கு 18 நாள், மெதுவாகப் பழகுவோருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணித்தார்கள். இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய இழப்பில்லை என்றும் கண்டார்கள். நம் பள்ளி நாள்காட்டியை எடுத்து எண்ணிப் பாருங்கள். ஜூன் தொடக்கத்திலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை ஏறத்தாழ 80 வேலைநாள்கள் கிடைக்கின்றன. முதல் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படும் வேளையில், பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது கைவந்த பழக்கமாகியிருக்கும். நவம்பரில் தொடங்கினால் அந்தக் கணக்கு பொருந்தாது.

இந்த எட்டு நிமிடத்துக்கு மாற்றாக, ஆண்டுக்கு ஒருமுறை தன்னம்பிக்கைப் பேச்சாளரை அழைத்து, திறந்தவெளியில் ஷாமியானா போட்டு, மூன்று மணிநேரம் கைதட்டச் செய்யும் வழக்கம் பரவியிருக்கிறது. நான் பணிபுரிந்த பள்ளியிலும் நடந்தது. அன்று மாலை பிள்ளைகள் உற்சாகமாக இருந்தார்கள். தோல்வியடைந்தவர்கள் முயற்சி செய்யாதவர்கள் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னது மட்டும், காலாண்டில் தவறிய பிள்ளைகளின் மனத்தில் நின்றது. நன்னெறி வகுப்பில் செய்யலாமே என்றும் சிலர் சொல்வார்கள். அந்தப் பாடவேளையையும் விளையாட்டுப் பாடவேளையையும் கணிதத்துக்கும் இயற்பியலுக்கும், ஏன், வேதியியலுக்கும் நாம் எடுத்துக்கொள்வதை நீங்கள் அறிவீர்கள். விளையாட்டுப் பாடவேளையைத் திருப்பிக் கொடுத்தாலே பாதி மனநலம் திரும்பும் என்பது என் கருத்து, அதைத் தனியாக எழுத வேண்டும்.

மூச்சுப் பயிற்சி கூரையைத் திருப்பித் தராது. இழப்பீட்டுப் பட்டியலில் பெயர் விட்டுப்போன குடும்பத்துப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது, வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அவள் தந்தையோடு சென்று மனு எழுதித் தரக்கூடிய ஒருவர். மனத்தை உறுதியாக்கு என்று பிள்ளையிடம் சொல்லிக்கொண்டே, அந்த மனத்தை நாள்தோறும் நசுக்கும் ஏற்பாடுகளை நாம் அப்படியே வைத்திருந்தால் அது அநீதி. தமிழ்நாட்டில் 2017 முதல் பொதுத்தேர்வு முடிவில் மாநில, மாவட்டத் தரவரிசை அறிவிப்பதை நிறுத்தினார்கள். தவறியவர்கள் அதே ஆண்டில் மீண்டும் எழுதத் துணைத்தேர்வு இருக்கிறது. ஓர் ஆண்டை இழக்க வேண்டியதில்லை என்ற அந்த ஓர் ஏற்பாடு எத்தனை வீடுகளில் அழுகையைத் தணித்தது என்பதை மே மாதத்தில் பள்ளி வாசலில் நின்ற எவரும் அறிவர். அரசு நிறுத்திய தரவரிசையை நாம் பள்ளிக்குள் தொடர வேண்டுமா? வழிபாட்டுக் கூட்டத்தில் மதிப்பெண்ணை உரக்க வாசிப்பதும், மெல்லக் கற்கும் மாணவர் என்று பெயரிட்டுத் தனி வரிசையில் அமர்த்துவதும், மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட பிள்ளையை மறுநாள் தாமதத்துக்காக வெளியே நிறுத்துவதும் உங்கள் ஒரு சொல்லில் நின்றுவிடும். எட்டு நிமிடத்தைத் தரும் அதே கையால் இவற்றையும் நிறுத்துங்கள் என்று வேண்டுகிறேன்.

எந்தப் பிள்ளைக்கு இந்தப் பழக்கங்கள் போதாது என்பதை ஒவ்வோர் ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டும். பேரிடரைக் கண்டவர்களில் பெரும்பாலோர், சுற்றத்தாரின் துணையோடு, சில வாரங்களில் மெல்ல மெல்ல இயல்புக்குத் திரும்புகிறார்கள். ஆனால் ஒரு பிள்ளை வாரக்கணக்கில் உறக்கமின்றி இருந்தால், உண்பதையும் நண்பர்களையும் விட்டு விலகினால், மழைச் சத்தம் கேட்டாலே உடல் நடுங்கினால், 'நான் இல்லாவிட்டால் நல்லது' என்ற பொருளில் எதையேனும் சொன்னாலோ எழுதினாலோ, அன்றே அவரைத் தனியே அழைத்துக் கனிவோடு பேசி, பெற்றோரோடு சேர்ந்து மருத்துவ உதவிக்கு வழிசெய்ய வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய, தொலைபேசிவழி அரசு மனநல உதவியான டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். 104 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணும் உண்டு. இவ்விரு எண்களையும் அறிவிப்புப் பலகையில் மட்டும் ஒட்டாமல், மாணவ மாணவியர் கழிப்பறைக் கதவின் உட்புறத்திலும் ஒட்டுங்கள். அறிவிப்புப் பலகையின் முன் நின்று அந்த எண்ணைக் குறித்துக்கொள்ள எந்தப் பிள்ளைக்கும் துணிவு வராது.

சுனாமிக்குப் பின்னர் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தினர் நம் கடலோரப் பகுதிகளுக்கு வந்து, ஆசிரியர்களையும் அங்கன்வாடிப் பணியாளர்களையும் பயிற்றுவித்து, பிள்ளைகளுக்கு மனஆதரவு தர வைத்தார்கள். வெளியூரிலிருந்து வரும் வல்லுநர்கள் சில வாரங்களில் திரும்பிவிடுவார்கள், பிள்ளையோடு ஆண்டு முழுவதும் இருப்பவர் ஆசிரியரே என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். அப்போது பயிற்சி பெற்றவர்களில் பலர் ஓய்வுபெற்றுவிட்டார்கள். அந்தத் திறன் அவர்களோடு வீட்டுக்குப் போய்விட்டது. அவர்களில் சிலர் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அவர்களை அழைத்துப் பேசவையுங்கள்.

வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை வட்டாரங்களில் எந்தப் பள்ளி அழைத்தாலும் நான் வரத் தயாராக இருக்கிறேன். போக்குவரத்துச் செலவோ பொன்னாடையோ மேடையோ வேண்டாம். காலை முதல் மணிக்கு முன்பாக வந்து ஆசிரியர் அறையில் அமர்ந்து, உங்களோடு ஐந்து நிமிடம் செய்துவிட்டு, பிறகு ஒரு வகுப்பில் கடைசி பெஞ்சில் அமர்ந்திருப்பேன். தொடக்கத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள், இரண்டாம் வாரத்தில் சலிப்பார்கள், நான்காம் வாரத்தில் ஒரு நாள் நீங்கள் மறந்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினால், பின்வரிசையிலிருந்து ஒரு குரல் "டீச்சர், எட்டு நிமிஷம்" என்று நினைவூட்டும். எனக்கு அந்தக் குரல் முதன்முதலாகக் கேட்டது நான்காவது பெஞ்சிலிருந்து, மறு ஆண்டு ஜூலையில். பாட்டியை இழந்த அந்த மாணவியின் தங்கை அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள்.

பள்ளி திறப்பதற்கு முன்பு நடக்கும் ஆசிரியர் கூட்டத்தில், கால அட்டவணையைத் தயாரிக்கும்போது, இந்தக் கோரிக்கையைப் பேச எடுத்துக்கொள்ளுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற முதுகலை வேதியியல் ஆசிரியை,
வேதாரண்யம் வட்டம்